இயந்திரம் வந்தது, பங்கு வந்ததா?



தோட்டக் கூட்டங்களில் இப்போது அடிக்கடி ஒரு கேள்வி எழுகிறது. "கொழுந்தெடுக்க மெஷின் வருகிறதாமே, அது நமக்கு நல்லதா, கெட்டதா?" சில தோட்டங்களில் கத்தரியும் மெஷினும் ஏற்கனவே பாவனைக்கு வந்துவிட்டன. நல்லது என்கிறார்கள் சிலர். வருடக்கணக்கில் முதுகில் கூடை சுமந்து இடுப்பு நோவெடுத்தவர்கள் அவர்கள். கெட்டது என்கிறார்கள் வேறு சிலர். நாளைக்குப் பெரட்டில் தமது பெயர் இருக்குமோ இராதோ என்று அஞ்சுகிறவர்கள் அவர்கள். இரண்டு பேச்சிலும் உண்மை இருக்கிறது.

இக்கேள்வியை எமக்கு முன்பே கேட்டவர்கள் இருக்கிறார்கள். 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அமெரிக்காவில் ஒன்றன்பின் ஒன்றாகப் புதிய இயந்திரங்கள் வந்தன. விவசாய நாடாக இருந்த அமெரிக்கா உலகின் முதல்தரத் தொழில் நாடானது. அந்த இயந்திரங்களைக் கண்டுபிடித்தவர்களின் பெயர்களை எமது பிள்ளைகள் பாடசாலையில் படிக்கிறார்கள். ஆனால் அவற்றின் பக்கத்தில் நின்று வேலை செய்தவர்களுக்கு என்ன கிடைத்தது என்பது பாடப் புத்தகத்தில் அதிகம் இல்லை. அதை இந்த இதழில் சொல்ல விரும்புகிறோம்.

பருத்தித் தோட்டத்தில்

முதலில் ஒரு தோட்டத்துக் கதை. 1793இல் ஈலி விட்னி என்ற இளைஞர், அமெரிக்காவின் தெற்கே ஜோர்ஜியா மாநிலத்தில் ஒரு தோட்டத்தில் தங்கியிருந்தார். அப்பகுதியில் விளைந்த பருத்தியில் கொட்டை பஞ்சோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஒருவர் நாள் முழுக்க உட்கார்ந்து கையால் பிரித்தால் ஏறத்தாழ ஓர் இறாத்தல் பஞ்சுதான் தேறும். விட்னி ஓர் இயந்திரம் செய்தார். கைப்பிடியைச் சுற்றினால் பற்கள் பஞ்சை இழுத்துக்கொள்ளும், கொட்டை பின்னால் நின்றுவிடும். ஒரே நாளில் 50 இறாத்தல்! அதற்குக் 'காட்டன் ஜின்' என்று பெயர். மறு வருடம் காப்புரிமையும் கிடைத்தது.

கையால் கொட்டை பிரித்தவர்கள் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளும் அவர்களுடைய பிள்ளைகளும். இயந்திரம் வந்ததால் அவர்களுடைய பாரம் குறைந்திருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடந்தது நேர்மாறு. கொட்டை பிரிப்பதில் இருந்த தடை நீங்கியதும் தோட்ட முதலாளிமார் இன்னும் இன்னும் பருத்தி பயிரிட்டார்கள். செடியிலிருந்து பருத்தி பறிக்க மட்டும் இயந்திரம் கிடையாது. அது கைவேலையாகவே இருந்தது. எமக்கு இது புரியாத விஷயமல்ல. ஸ்டோரில் மெஷின் வேகமாக ஓடினால் மலையில் கூடை அதிகம் நிறைய வேண்டும்.

1790இல் அமெரிக்காவில் சுமார் 7 இலட்சம் அடிமைகள் இருந்தார்கள். 1860இல் அத்தொகை ஏறத்தாழ 40 இலட்சம். அந்தக் காலத்தில் சுமார் 10 இலட்சம் பேர் பழைய மாநிலங்களிலிருந்து புதிய பருத்தி நிலங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். தாய் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம் என்று விற்கப்பட்ட குடும்பங்கள் ஏராளம். 1865இல் சட்டத்தால் அடிமை முறை ஒழிக்கப்படும் வரை இந்தக் கொடுமை நீடித்தது. ஓர் இயந்திரம் ஐம்பது பேரின் வேலையைச் செய்தது. ஆனால் ஒருவருக்கும் ஓய்வு கிடைக்கவில்லை. அந்த மக்களுக்கு வேலையை மறுக்கவும் உரிமையில்லை, விலகிப் போகவும் உரிமையில்லை, கூடிப் பேசவும் உரிமையில்லை.

அந்தப் பருத்தியில் ஒரு பகுதி வடக்கே மாசாசுசெட்ஸ் மாநிலத்தின் லோவெல் நகரத்து மில்களுக்குப் போனது. அங்கே இயந்திரத் தறிகள். வேலை செய்தவர்களில் பெரும்பாலானோர் விவசாயக் குடும்பத்து இளம் பெண்கள். மணியடித்தால் எழும்ப வேண்டும், மணியடித்தால் உண்ண வேண்டும். நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கும் மேல் வேலை. குடியிருப்பும் கம்பனிக்குச் சொந்தம். 1834இல் கூலியைக் குறைத்தார்கள். பெண்கள் வேலையை நிறுத்தி வெளியே வந்தார்கள். 1836இல் கம்பனி விடுதிக்கான கட்டணத்தைக் கூட்டினார்கள். மீண்டும் வெளியே வந்தார்கள். பின்னர் இரண்டு தறி பார்த்த பெண்ணிடம் மூன்று, நான்கு தறிகளைக் கொடுத்து வேகத்தையும் கூட்டினார்கள். சாரா பாக்லி என்ற மில் தொழிலாளி தலைமையில் பெண்கள் தமக்கென ஒரு சங்கம் அமைத்து, பத்து மணிநேர வேலைநாள் கேட்டு மாநில சட்டசபைக்கு ஆயிரக்கணக்கானோரின் கையொப்பத்தோடு மனுக் கொடுத்தார்கள். 1845இல் அவர்களுடைய சாட்சியத்தைக் கேட்ட சட்டசபைக் குழு, இது சட்டம் தலையிடும் விஷயமல்ல என்று கைவிரித்தது. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் பத்து மணிநேரச் சட்டம் அந்த மாநிலத்தில் வந்தது 1874இல். முதல் மனுக் கொடுத்தவர்களில் பலர் அதற்குள் பாட்டிமாராகியிருப்பார்கள்.

அறுவடை இயந்திரமும் மே தினமும்

தோழர்களே, வருடந்தோறும் மே முதலாம் திகதி நாம் கொடி பிடித்து ஊர்வலம் போகிறோம். அந்த நாளின் பின்னாலும் ஓர் இயந்திரத்தின் கதை உண்டு.

சைரஸ் மெக்கோர்மிக் என்பவர் 1834இல் கோதுமை அறுக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். குதிரை இழுக்க, கதிர்கள் அறுபட்டு விழும். அரிவாளால் பலர் அறுத்ததை ஓர் இயந்திரம் அறுத்தது. பரந்த சமவெளிகள் வயல்களாயின. நகரத்து மக்களுக்கு மலிவாக மாவு கிடைத்தது. இது பெரிய நன்மை, இதை மறுக்க முடியாது.

அந்த இயந்திரத்தைச் செய்த தொழிற்சாலை சிக்காகோவில் இருந்தது. அங்கே இரும்பு வார்த்தவர்கள் கைத்திறன் மிக்கவர்கள், பலமான சங்கம் உடையவர்கள். 1885இல் வேலைநிறுத்தம் செய்து கூலிக் குறைப்பை முறியடித்தார்கள். அதன் பிறகு நிர்வாகம் வார்ப்பு இயந்திரங்களை வாங்கிப் போட்டது. சங்கத்தில் இருந்த வார்ப்புத் தொழிலாளர்களை வெளியேற்றுவதே அதன் நோக்கம். 1886 ஆரம்பத்தில் தொழிற்சாலைக் கதவு தொழிலாளர்களுக்கு மூடப்பட்டது.

அதே 1886 மே முதலாம் திகதி எட்டு மணிநேர வேலைநாள் கேட்டு அமெரிக்கா முழுவதும் இலட்சக்கணக்கான தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். மே 3ஆம் திகதி மெக்கோர்மிக் தொழிற்சாலை வாசலில் பொலிஸார் சுட்டதில் தொழிலாளர்கள் இறந்தார்கள். அதைக் கண்டித்து மறுநாள் ஹேமார்க்கட் சதுக்கத்தில் கூட்டம் நடந்தது, குண்டு வெடித்தது. எறிந்தவர் யாரென்று இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. ஆனாலும் எட்டுப் பேருக்குத் தண்டனை. நான்கு பேர் 1887 நவம்பர் 11ஆம் திகதி தூக்கிலிடப்பட்டார்கள். சிறையில் எஞ்சியிருந்த மூவரை 1893இல் மாநில ஆளுநர், வழக்கு நியாயமாக நடக்கவில்லை என்று கூறி விடுதலை செய்தார். அந்தப் போராட்டத்தின் நினைவாகவே மே தினம் உலகத் தொழிலாளர் தினமானது. நாம் பிடிக்கும் செங்கொடிக்கும் அந்த அறுவடை இயந்திரத் தொழிற்சாலைக்கும் உள்ள தொடர்பு இதுதான்.

இருபது வருடம் காத்திருந்த கண்டுபிடிப்பு

இயந்திரம் என்றாலே தொழிலாளிக்குப் பகை என்று எவரும் நினைத்துவிட வேண்டாம். தொழிலாளியின் உயிரைக் காக்கும் கண்டுபிடிப்புகளும் வந்தன. அவை வந்த கதை இன்னும் கவனிக்க வேண்டியது.

அக்காலத்து சரக்கு ரயில்களில் பெட்டியோடு பெட்டியை இணைக்க ஓர் இரும்பு வளையமும் ஊசி போன்ற ஓர் ஆணியும் இருந்தன. நகர்ந்து வரும் பெட்டிக்கும் நிற்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு தொழிலாளி நின்று, வளையத்தைக் கையால் பிடித்துக் குழிக்குள் வழிகாட்டி, சரியான நொடியில் ஆணியை இறக்க வேண்டும். ஒரு நொடி தவறினால் விரல் போகும், கை போகும், சில வேளை ஆளே நசுங்கிப் போவார். பிரேக் போடுவதும் அப்படித்தான். ஓடும் ரயிலின் கூரைமேல் மழையிலும் பனியிலும் பெட்டிக்குப் பெட்டி தாவி, ஒவ்வொரு சக்கரமாகச் சுற்றி இறுக்க வேண்டும். விரல் இல்லாத கை ரயில் தொழிலாளியின் அடையாளமாகவே இருந்தது.

ஜோர்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869இல் காற்றழுத்த பிரேக்கைக் கண்டுபிடித்தார். சாரதி இருந்த இடத்திலிருந்தே முழு ரயிலையும் நிறுத்தலாம். ஈலி ஜான்னி என்பவர் 1873இல் தானாகக் கொளுவிக்கொள்ளும் இணைப்புக்குக் காப்புரிமை பெற்றார். இரண்டு கைகளின் விரல்களை மடக்கி ஒன்றோடொன்று கோர்ப்பது போன்ற அமைப்பு. பெட்டிகள் மோதியதும் தாமாகவே பூட்டிக்கொள்ளும். நடுவில் ஆள் நிற்கத் தேவையில்லை.

ஆனால் பெரும்பாலான சரக்கு ரயில்களில் அவை பொருத்தப்படவில்லை. காரணம் செலவு. புது இணைப்புக்குப் பணம் கொடுக்க வேண்டும். விரல் இழந்த தொழிலாளிக்கோ பெரும்பாலும் ஒன்றும் கொடுக்க வேண்டியதில்லை. ஆபத்தைத் தெரிந்துதானே வேலைக்கு வந்தாய் என்று நீதிமன்றங்களும் நட்டஈட்டை மறுத்துவந்தன. 1889ஆம் ஆண்டுக் கணக்கின்படி அந்த ஒரு வருடத்தில் மட்டும் சுமார் 2,000 ரயில் ஊழியர்கள் வேலையில் இறந்தார்கள். 20,000 பேர் காயமடைந்தார்கள்.

பிரேக் தொழிலாளர்கள் 1883இல் ஒரு சகோதர சங்கம் அமைத்திருந்தார்கள். எமது லயங்களில் உள்ள மரண உதவிச் சங்கம் போலவே, அடிபட்டவனுக்கும் இறந்தவனின் குடும்பத்துக்கும் உதவுவது அதன் முக்கிய வேலை. ரயில் தொழிலாளர் சங்கங்களும், லொரென்சோ கொஃபின் என்ற விவசாயியைப் போன்ற நல்ல மனிதர்களும் விடாமல் குரல் கொடுத்தார்கள். 1893இல் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது: இந்த இணைப்பும் பிரேக்கும் கட்டாயம், இவை இல்லாத பெட்டியில் அடிபட்டவரிடம் 'தெரிந்துதானே வந்தாய்' என்று சொல்லித் தப்ப முடியாது. கம்பனிகள் தவணை கேட்டுக் கேட்டு, 1900இல்தான் அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதன்பின் பெட்டிகளை இணைக்கையில் இறப்பவர்களின் தொகை பெருமளவு குறைந்தது.

1873இலிருந்து 1893 வரை எண்ணிப் பாருங்கள். கண்டுபிடிப்பு கையில் இருந்தும் இருபது வருடம் தொழிலாளியின் கை போய்க்கொண்டிருந்தது. அதை ரயிலில் பொருத்தவைத்தது சங்கமும் சட்டமும்.

எங்கள் வீட்டுத் தையல் மெஷின்

இனி எமது லயக் காம்பராக்களிலும் சிலவற்றில் இருக்கும் ஓர் இயந்திரம். எலியஸ் ஹோவ் 1846இலும் ஐசக் சிங்கர் 1851இலும் தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார்கள். சிங்கர் கம்பனி மாதத் தவணைக்கு மெஷின் கொடுக்கத் தொடங்கியது. 1877இல் இலங்கைக்கும் வந்துவிட்டது. எத்தனையோ விதவைத் தாய்மார் இந்த மெஷினை மிதித்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்திருக்கிறார்கள். கையால் தைத்தால் பதினான்கு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும் ஒரு சட்டையை மெஷினில் ஒன்றேகால் மணித்தியாலத்தில் தைக்கலாம் என்று அக்காலத்துத் தையல் மெஷின் கம்பனி ஒன்று கணக்குக் காட்டியது.

அந்தப் பன்னிரண்டு, பதின்மூன்று மணித்தியாலம் யாருக்குப் போனது? நியூயோர்க் நகரத்துத் தையல் தொழிற்சாலைகளில் புலம்பெயர்ந்து வந்த யூத, இத்தாலியப் பெண்கள் வரிசையாக மெஷின்களில் குனிந்திருந்தார்கள். சில இடங்களில் ஊசிக்கும் மின்சாரத்துக்கும்கூட அவர்களுடைய சம்பளத்தில் வெட்டினார்கள். 1909 நவம்பரில் நடந்த ஒரு கூட்டத்தில் தலைவர்மார் பேசிக்கொண்டே இருக்க, கிளாரா லெம்லிக் என்ற இளம் பெண் எழுந்து, பேச்சுப் போதும், வேலைநிறுத்தம் செய்வோம் என்றார். சுமார் 20,000 பேர் வேலையை நிறுத்தினார்கள். பல முதலாளிமார் சங்கத்தோடு ஒப்பந்தம் செய்தார்கள். ட்ரையாங்கிள் என்ற தொழிற்சாலை சங்கத்தை ஏற்கவில்லை.

1911 மார்ச் 25, சனிக்கிழமை. அந்தத் தொழிற்சாலையில் தீப்பிடித்தது. மாடிப்படிக் கதவொன்று பூட்டியிருந்தது. தீயணைப்புப் படையின் ஏணி ஆறாம் மாடிக்குமேல் எட்டவில்லை. தொழிற்சாலையோ எட்டாம், ஒன்பதாம், பத்தாம் மாடிகளில். 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலானோர் இளம் பெண்கள். பலர் ஜன்னலால் குதித்து மாண்டார்கள். முதலாளிமார் இருவரும் வழக்கில் விடுதலையானார்கள். ஆனால் மக்களின் கோபம் ஓயவில்லை. விசாரணைக் குழு அமைந்தது; தீப் பாதுகாப்பு, வேலைநேரம், தொழிற்சாலைப் பரிசோதனை பற்றிய பல சட்டங்கள் வந்தன. அந்தத் தீயை வீதியில் நின்று கண்ணால் கண்ட பிரான்சிஸ் பெர்கின்ஸ் என்ற பெண்மணி, 1933இல் அமெரிக்காவின் தொழில் அமைச்சரானார். குறைந்தபட்சச் சம்பளத்தையும் நாற்பது மணிநேர வாரத்தையும் கொண்டுவந்த 1938ஆம் ஆண்டுச் சட்டம் அவருடைய காலத்தில் வந்ததுதான்.

எமது பிள்ளைகள் பலர் இன்று கார்மண்ட் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறார்கள். அங்கே அவசரக் கதவு திறந்திருக்கிறதா என்று அவர்களிடம் கேளுங்கள்.

ஐந்து டொலர்

கடைசியாக ஃபோர்ட். 1913இல் மிச்சிகன் மாநிலத்தில் ஹென்றி ஃபோர்ட் தன் தொழிற்சாலையில் ஓடும் வரிசையை அமைத்தார். தொழிலாளி காரிடம் போகத் தேவையில்லை. கார் தொழிலாளியிடம் நகர்ந்து வரும். ஒருவர் ஒரு வேலையை மட்டும் திரும்பத் திரும்பச் செய்வார். ஒரு காரின் அடிச்சட்டத்தைப் பூட்ட முன்பு பன்னிரண்டரை மணித்தியாலம் சென்றது. 1914இல் 93 நிமிடம். 1908இல் 850 டொலருக்கு விற்ற கார் பிற்காலத்தில் 300 டொலருக்கும் குறைந்தது.

ஆனால் அந்த வேகத்தைத் தாங்க முடியாமல் ஆட்கள் விலகினார்கள். சுமார் 14,000 பேரை வைத்திருக்க ஒரே வருடத்தில் 50,000க்கு மேற்பட்டோரைச் சேர்க்க வேண்டியிருந்தது. அதனால்தான் 1914 ஜனவரியில் நாளொன்றுக்கு ஐந்து டொலரும் எட்டு மணிநேர வேலையும் அறிவிக்கப்பட்டன. அது முன்பிருந்த சம்பளத்தைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. பலர் இதை ஃபோர்டின் தாராள மனம் என்பார்கள். தொழிலாளர்கள் கால்நடையாக வெளியேறியதன் பலன் என்பதே சரி. அதிலும் ஒரு பகுதி போனஸ்; அதைப் பெற, கம்பனி ஆட்கள் வீட்டுக்கு வந்து குடிக்கிறாயா, சேமிக்கிறாயா என்று விசாரித்துப் போவார்கள். முதலாளி கொடுத்ததை முதலாளி நிபந்தனையோடுதான் கொடுப்பார். ஃபோர்ட் தொழிற்சாலையில் சங்கம் அங்கீகாரம் பெற்று ஒப்பந்தம் கைச்சாத்தானது 1941இல், ஒரு பெரிய வேலைநிறுத்தத்துக்குப் பிறகுதான்.

எமக்கு என்ன பாடம்?

தோழர்களே, ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் கதையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். இயந்திரம் உற்பத்தியைக் கூட்டும். கூடியதை யாருக்கு எவ்வளவு என்று பிரிப்பது அதன் வேலையல்ல. பேச உரிமையில்லாதவர்களிடம் அது வந்தபோது சங்கிலியை இறுக்கியது. கூடிப் பேசியவர்களிடம் வந்தபோது, காலம் கடந்தாலும், நேரத்தையும் சம்பளத்தையும் உயிர்ப் பாதுகாப்பையும் விட்டுக்கொடுத்தது.

ஆகவே மெஷினைக் கண்டு ஓடவும் வேண்டாம், மாலை போட்டு வரவேற்கவும் வேண்டாம். உங்கள் தோட்டத்துக்கு மெஷின் வருவதாகப் பேச்சு வந்தால், தோட்டக் கமிட்டி கூடி நிர்வாகத்திடம் இவற்றைக் கேட்க வேண்டும்:

மெஷினால் கொழுந்து அதிகம் வந்தால் நாட்சம்பளம் கூடுமா, அல்லது எடுக்க வேண்டிய கிலோ மட்டும் கூடுமா? அதற்கான எரிபொருள், கத்தி, திருத்தச் செலவு யாருடையது? நான்கு பேரின் மலையை இரண்டு பேர் எடுத்தால் மற்ற இருவருக்கு என்ன வேலை? மெஷின் பழக்கும்போது பெண்களையும் பழக்குவார்களா, அல்லது ஆண்களிடம் கொடுத்துவிட்டு இத்தனை காலம் கொழுந்தெடுத்தவர்களை வீட்டுக்கு அனுப்புவார்களா? பாரத்துக்கும் இரைச்சலுக்கும் வெட்டுக் காயத்துக்கும் என்ன பாதுகாப்பு, என்ன நட்டஈடு? கர்ப்பிணிகளுக்கும் வயதானவர்களுக்கும் என்ன ஏற்பாடு?

பதில்களை வாய்ச்சொல்லாக வாங்காதீர்கள், எழுத்தில் வாங்குங்கள். மெஷின் மலைக்கு ஏறுவதற்கு முன்னரே வாங்குங்கள். ஏறிய பிறகு கேட்பது எவ்வளவு கடினம் என்பதற்கு லோவெல் பெண்கள் காத்திருந்த முப்பது வருடமும், ரயில் தொழிலாளர்கள் காத்திருந்த இருபது வருடமும் சாட்சி. கூட்டத்துக்குப் பெண்களை அழையுங்கள். முன் வரிசையில் உட்காரவையுங்கள். கொழுந்து மலையில் என்ன நடக்கிறது என்று அவர்களைவிட அறிந்தவர் எவருமில்லை.

பேச்சுவார்த்தை நடக்கும் தோட்டங்களின் கமிட்டித் தலைவர்கள், நிர்வாகம் தந்த பதிலின் பிரதியொன்றைச் சங்கக் காரியாலயத்துக்கு அனுப்பிவையுங்கள். ஒரு தோட்டம் வென்றெடுத்ததை மறு தோட்டம் அறிந்தால், அடுத்த தடவை கேட்பது இலகு.

சங்கமாய் இணைந்து நிற்போம். எமது பங்கைக் கேட்டு வாங்குவோம்.